மார்பிங்: கேள்விப்பட்டதும் உள்ளதும்

ஒரு படத்தை மாற்றக் கணினிக்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. புள்ளியின் நிறத்தை மாற்றலாம். இல்லையென்றால் புள்ளி இருக்கும் இடத்தை மாற்றலாம். இடத்தை மாற்றுவதற்கு வார்ப்பிங் என்று பெயர். இரண்டு படங்களை ஒன்றையொன்று நோக்கி வளைத்துக்கொண்டே, இரண்டின் நிறங்களையும் சிறிது சிறிதாகக் கலந்தால் அது மார்பிங். நாற்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு நுட்பத்தின் சாரம் இவ்வளவுதான். பள்ளிக் கணக்கு தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடியது. இருந்தும் இதைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பகுதி யாரோ சொல்லக் கேட்டது. சொன்னவரும் யாரோ சொல்லக் கேட்டவர். அதனால் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறோம். விழித்திருக்க வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறோம்.

"ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் உடலில் ஒட்டினால் அது மார்பிங்."

தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கையை அசைக்கவே முடியவில்லை. கடன் செயலிக் கும்பல் ஒன்று, கடன் வாங்கியவரின் கைப்பேசியிலிருந்து படங்களை உருவி, அவற்றை ஆபாசப் படத்தோடு இணைத்து, உறவினர்களுக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டினால், மறுநாள் செய்தியில் அது மார்பிங். உண்மையில் அது வெட்டி ஒட்டும் வேலை. ஒரு முகம் அப்படியே பெயர்த்து வைக்கப்படுகிறது. அது எதனோடும் கலப்பதில்லை. மார்பிங்கில் விளையும் முகமோ இருவருடைய சாயலையும் கொண்டிருக்கும், இருவரில் யாருடையதாகவும் இராது. அண்மை ஆண்டுகளில் வரும் ஆபாசப் போலிகள் பல வெட்டி ஒட்டியவைகூட அல்ல. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று உடலையே புதிதாக வரைந்து தந்துவிடுகிறது. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு தொழில்கள்.

எப்படிச் செய்தால் என்ன, மூன்றும் போலிதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேறுபாடு தடயத்தில் இருக்கிறது. வெட்டி ஒட்டிய படத்தில் கழுத்தோரம் இசைந்து வராது. ஒளி விழும் திசை முகத்தில் ஒன்றும் உடலில் ஒன்றுமாக இருக்கும். கோப்பைச் சுருக்கிய விதமும் இரு பகுதிகளில் வேறுபடும். மார்பிங் செய்த முகத்தில் ஒட்டே இருக்காது; ஆனால் முடியோரத்திலும் காது மடலிலும் கருவிழியைச் சுற்றியும் மெல்லிய இரட்டைச் சாயல் படியக்கூடும். நிரல் வரைந்த படத்தில் இவை இரண்டுமே இருக்க வேண்டியதில்லை. ஒட்டுத் தெரிகிறதா என்று மட்டும் தேடிப் பழகிய கண், ஒட்டில்லாத பொய்யைப் பார்த்து, இது அசல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பு ஒரு பெண்ணின் மேல் அவள் வீட்டுக்குள்ளேயே விழும்போது என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் இன்னொரு நம்பிக்கை இதைவிடக் கொடியது. படம் போலி என்று நிரூபித்தால்தான் புகார் நிற்குமாம். இல்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரின் அந்தரங்கத்தைக் காட்டும் படத்தையும், அவரைப் போலச் செயற்கையாக உருவாக்கிய படத்தையும் ஒரே விதிக்குள் சேர்த்தே வைத்தன. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ முறையிட்டால், அந்தப் படத்தை நீக்க 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கெடு விதித்தன. படம் அசலா போலியா என்ற ஆராய்ச்சியை முடித்துவிட்டு வா என்று அந்த விதி யாரிடமும் சொல்லவில்லை. படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பது, படம் அசலாக இருந்தாலும் குற்றம், போலியாக இருந்தாலும் குற்றம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டிய முதல் வேலை. நாமோ பாதிக்கப்பட்டவரை நடுவீட்டில் நிறுத்தி, இது நீ இல்லை என்று காட்டு என்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

"ஒரு படம் மெல்ல மறைந்து இன்னொரு படம் தோன்றினால் அது மார்பிங்."

அது டிஸால்வ். படத்தொகுப்பு அறையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வெளியே வந்தால் காணாமல் போய்விடுகிறது. டிஸால்வ் சினிமாவின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. 1941இல் வந்த 'தி உல்ஃப் மேன்' படத்தில் மனிதனும் ஓநாயும் ஒருவர் மற்றவராக மாறுவதைக் காட்ட, ஒப்பனையைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பிடித்து, ஒன்றை இன்னொன்றில் கரைத்தார்கள். நடிகர் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். தலை சற்று நகர்ந்துவிட்டால் பாதி வழியில் நான்கு கண்கள் தெரியும். டிஸால்வின் எல்லை அந்த நான்கு கண்கள்தாம். அதில் நிறம் கலக்கிறது, வடிவம் கலப்பதில்லை.

அந்த நான்கு கண்களை இரண்டாக்குவதே மார்பிங்கின் வேலை. முதல் முகத்தில் இடது கண் ஓரிடத்தில் இருக்கிறது, இரண்டாம் முகத்தில் வேறோர் இடத்தில். பாதி வழியில் வரும் சட்டகத்தில் அது எங்கே இருக்க வேண்டும்? இரண்டு இடங்களுக்கும் நட்ட நடுவில். ஆகவே முதல் முகத்தை அந்த நடுவிடத்துக்கு வளைக்கிறார்கள். இரண்டாம் முகத்தையும் அதே நடுவிடத்துக்கு வளைக்கிறார்கள். கண்மேல் கண்ணும் வாய்மேல் வாயும் வந்து உட்கார்ந்த பிறகுதான் நிறங்களைப் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். கால் வழியில் வரும் சட்டகமென்றால் இரண்டாம் முகத்தின் பங்கு வடிவத்திலும் கால், நிறத்திலும் கால். டிஸால்வ் இதில் கடைசிப் படி மட்டுமே. முதல் இரண்டு படிகளும் இல்லையென்றால் மார்பிங் இல்லை.

வளைப்பது என்றவுடன் படத்தை ரப்பர் துண்டு போலப் பிடித்து இழுக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். நிரல் அப்படி வேலை செய்வதில்லை. பழைய படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய இடத்தில் வைத்துக்கொண்டே போனால், விரியும் பகுதியில் இடையிடையே ஓட்டை விழும். ஒடுங்கும் பகுதியில் ஒரே இடத்துக்குப் பல புள்ளிகள் முண்டியடிக்கும். அதனால் நிரல் தலைகீழாகக் கேட்கிறது: புதிய படத்தின் இந்தப் புள்ளிக்கு நிறம் பழைய படத்தில் எந்த இடத்திலிருந்து வர வேண்டும்? விடை பெரும்பாலும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஏதோ ஓர் இடமாக வரும். அப்போது சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் நிறத்தையும் அருகாமைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு வளைப்பிலும் படம் துளி மழுங்குவது இதனால்தான்.

"பொத்தானை அமுக்கினால் கணினியே எல்லாவற்றையும் செய்துவிடும்."

மூக்கை மூக்கோடு சேர், காதைக் காதோடு சேர் என்று கணினிக்கு யார் சொன்னது? எந்தப் புள்ளி எந்தப் புள்ளிக்கு இணை என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையின் உயிர். மற்றதெல்லாம் கூட்டல் பெருக்கல். இந்த நுட்பம் வளர்ந்த வரலாறே இணை காட்டும் சிரமத்தைக் குறைக்க நடந்த முயற்சிகளின் வரலாறுதான்.

1982இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டாம் பிரிகாம், ஒரு பெண் காட்டுப்பூனையாக மாறும் காட்சியைக் கணினியில் செய்து சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் காட்டினார். சினிமாக்காரர்கள் அதை உடனே பற்றிக்கொள்ளவில்லை. 1988இல் ரான் ஹோவர்டின் 'வில்லோ' படத்தில், சாபம் பெற்ற சூனியக்காரி ஒருத்தி ஆடு, தீக்கோழி, ஆமை, புலி என்று மாறி மாறிக் கடைசியில் மனித வடிவம் பெற வேண்டியிருந்தது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் டக் ஸ்மைத் அதற்கென்று ஒரு நிரல் எழுதினார். இரண்டு படங்களின்மேலும் வலை போலக் கட்டங்களைப் போர்த்தி, ஒன்றின் முடிச்சுகளை மற்றொன்றின் முடிச்சுகளோடு பொருத்துவது அவர் வழி. ஆமையின் கழுத்து புலியின் உடம்பில் எந்தப் பகுதிக்கு இணை? இதற்குக் கணினியிடம் விடை கிடையாது. ஒரு கலைஞர் உட்கார்ந்து யோசித்து முடிச்சை நகர்த்தினார். பிரிகாமுக்கும் ஸ்மைத்துக்கும் பின்னர் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

1991இல் மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' பாடல் வெளியானபோது உலகமே வாய் பிளந்தது. பல இனத்து ஆண்களும் பெண்களும் தலையை ஆட்டிப் பாடியபடியே ஒருவர் இன்னொருவராக மாறும் அந்தக் கடைசிப் பகுதியைப் பசிபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனம் செய்தது. அதற்குப் பின்னாலிருந்த முறையைத் தாடியஸ் பையரும் ஷான் நீலியும் 1992இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வலைக்குப் பதிலாகக் கோடுகள். புருவத்தின்மேல் ஒரு கோடு, தாடையோரம் ஒரு கோடு, மூக்குத் தண்டில் ஒரு கோடு. மற்ற முகத்திலும் அதே கோடுகள். ஒவ்வொரு கோடும் தன்னைச் சுற்றியுள்ள புள்ளிகளைத் தன்னோடு இழுத்துச் செல்லும், அருகில் இருப்பதை அதிகமாக, தொலைவில் இருப்பதைக் குறைவாக. கலைஞருக்கு இது எளிது, கணினிக்குப் பாரம். எல்லாக் கோடுகளும் எல்லாப் புள்ளிகளையும் தொடுவதால் கணக்கு பெருகிவிடும். சில இடங்களில் படத்தின் ஒரு துண்டு வேண்டாத இடத்தில் முளைக்கும். அந்த ஆசிரியர்களே அதைப் பேய் என்றுதான் குறிப்பிட்டார்கள். பேயை விரட்டக் கோட்டை மாற்றிப் போட வேண்டும். அதுவும் ஆள் செய்கிற வேலை. இவ்வளவும் அசையாத படத்துக்கு. ஆடிக்கொண்டிருக்கும் தலைகளுக்குக் கோடுகள் காட்சி நெடுகிலும் கூடவே நகர வேண்டும்.

இன்று கைப்பேசிச் செயலி ஒரு நொடியில் செய்கிறதே என்றால், செய்கிறது. முகத்தில் கண்ணோரம், உதட்டு வளைவு, தாடை விளிம்பு என்று 68 புள்ளிகளைத் தானே கண்டுபிடிக்கும் நிரல்கள் பரவலாகிவிட்டன. புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, முக்கோணத்துக்கு முக்கோணம் பொருத்திவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த நிரல்கள் கற்றுக்கொண்டது மனிதர் புள்ளி குறித்துக் கொடுத்த படங்களிலிருந்து. முகம் அல்லாத ஒன்றை, ஒரு தேரையோ மரத்தையோ கொடுத்தால் அவை திகைத்து நின்றுவிடும்.

இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை என்றால், விளம்பரத்துக்கு உகந்தது அதுதான். கணினியின் மாயம் என்று சொன்னால் சீட்டு விற்கும். இருட்டறையில் சிலர் மாதக்கணக்கில் கோடு போட்டார்கள் என்றால் யார் கேட்பார்கள்? இழப்பு அந்தச் சிலருக்கு. கிராபிக்ஸ்தானே, நாளைக்குள் கொடுத்துவிடுங்கள் என்று நம் தயாரிப்பாளர்கள் கேட்கும் தொனியில் இந்த அறியாமை முழுதாக இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. 'டெர்மினேட்டர் 2' படத்தில் உலோகம் உருகி மனிதனாக நிற்பது மார்பிங்குக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாம். அந்தக் காட்சிகளில் பெரும்பாலானவை கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கிய உருவங்கள். கூடவே ஒப்பனைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு கையால் செய்த பொம்மைகள். இரு படங்களை வளைத்துக் கலக்கும் வேலைக்கு அங்கே சிறு பங்கே உண்டு. 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் மனிதன் ஓநாயாவதில் கணினியே இல்லை. அது 1981இல் ரிக் பேக்கரின் ஒப்பனை. அந்தப் படத்தை இயக்கிய ஜான் லாண்டிஸ்தான் பத்தாண்டு கழித்து 'பிளாக் ஆர் ஒயிட்' காணொளியையும் இயக்கினார் என்பது ஒரு சுவையான தகவல்.

"அப்பா, அம்மா முகங்களைக் கலந்தால் பிறக்கப்போகும் குழந்தையின் முகம் கிடைக்கும்."

கல்யாண வீடுகளில் இந்தச் செயலிகளுக்கு இருக்கும் மவுசைப் பார்த்தால் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. மரபணுக்கள் சராசரி போடுவதில்லை. பெரும்பாலான மரபணுக்களில் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் வருகின்றன. எந்தப் படி வரும் என்பது ஒவ்வொரு கருவிலும் மாறும். அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறு வேறு முகத்தோடு இருக்கிறார்கள். சராசரிதான் விதி என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே முகம் இருக்க வேண்டுமே? செயலி தருவது இரண்டு பெரியவர்களின் நடுப்புள்ளியைக் குழந்தையின் முக அளவுக்கு வளைத்த படம்.

கலந்த முகம் பார்க்க அழகாக இருப்பதால்தான் இந்தப் பொய் விலை போகிறது. அந்த அழகுக்கும் ஒரு காரணம் உண்டு. 1870களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன், பல முகங்களைக் கண்கள் ஒரே இடத்தில் வருமாறு பொருத்தி, ஒரே புகைப்படத் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். சிறைக் கைதிகளின் படங்களை அடுக்கினால் குற்றவாளிக்கே உரிய முகம் தெளிந்து வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வந்ததோ தனித்தனிக் கைதிகளைவிடப் பார்க்க நன்றாக இருந்த ஒரு முகம். ஒருவரின் தழும்பும் இன்னொருவரின் கோணல் மூக்கும் மற்ற முகங்களின் கூட்டத்தில் கரைந்துவிட்டன, எஞ்சியது வழுவழுப்பு. 1990இல் லாங்லாய்ஸ், ராக்மன் என்ற உளவியலாளர் இருவர் கணினியில் முகங்களைச் சராசரி எடுத்தபோதும், பல முகங்கள் கலந்தவையே அழகு என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

கால்டன் அதோடு நிற்கவில்லை. இன மேம்பாடு என்ற பெயரில் யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று வகுக்கும் இயக்கத்துக்கு வித்திட்டவர் அவர். இந்த நாட்டுப் பெண்ணின் சராசரி முகம், அந்த நாட்டுப் பெண்ணின் சராசரி முகம் என்று இன்று நாம் வாட்ஸ்அப்பில் ரசித்து அனுப்பும் படங்கள் அவர் காட்டிய வழியில்தான் வருகின்றன. யார் முகங்களை, எத்தனை முகங்களை, எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. குரங்கு மனிதனாக உருகும் காணொளிகளும் இதே ரகம். நடுவில் வரும் சட்டகங்கள் எந்த மூதாதையின் முகமும் அல்ல. இரு படங்களுக்கு இடையே போட்ட நேர்கோட்டின் மேல் கிடக்கும் புள்ளிகள். இன்று வாழும் சிம்பன்சி நமக்கு முன்னோரும் அல்ல.

"வளைத்த படம் பொய், கை வைக்காத படம்தான் உண்மை."

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அழகு வடிகட்டிகளை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். இடுப்பை ஒடுக்கும்போது பின்னாலிருக்கும் கதவு நிலையும் கூடவே வளைந்துபோன படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் பொய் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கை வைக்காத படம் என்று ஒன்று நம் கைப்பேசியில் ஏறக்குறைய இல்லவே இல்லை. சிறிய வில்லை நேர்கோடுகளைப் பீப்பாய் போல வளைத்துக் காட்டும். கைப்பேசி அவற்றை நிமிர்த்திவிட்டே நமக்குக் காட்டுகிறது. சாய்த்துப் பிடித்து எடுத்த சான்றிதழைச் செவ்வகமாக்கித் தருவது வார்ப்பிங். செயற்கைக்கோள் படத்தைப் பூமியின் சுழற்சிக்கும் மலை மேடு பள்ளத்துக்கும் ஏற்பத் திருத்தி நிலப்படத்தில் பொருத்துவது வார்ப்பிங். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மூளை ஸ்கேன்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் கட்டி வளர்ந்ததா என்று பார்ப்பதற்கும் அதுதான் வேண்டும்.

இன்னும் சொல்லப்போனால், வளைக்காத படமே பல நேரம் ஏமாற்றுகிறது. கையை நீட்டி செல்ஃபி எடுக்கும்போது மூக்கு காதைவிடக் கேமராவுக்கு வெகு அருகில் இருக்கிறது. 12 அங்குலத் தொலைவில் எடுத்தால் மூக்கின் அடிப்பாகம் ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தெரியும் என்றும், 5 அடி தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கோளாறு போய்விடும் என்றும் 2018இல் முக அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது? செல்ஃபியைக் காட்டி, மூக்கைச் சிறிதாக்கித் தாருங்கள் என்று மருத்துவரிடம் வருபவர்கள் இருந்ததால். அகலக் கோண வில்லையில் குழுப் படம் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடுவதும் இப்படித்தான். சுவரின் கோடுகள் நேராகவும் வேண்டும், முகங்கள் உருண்டையாகவும் வேண்டும் என்றால் ஒரே படத்தில் இரண்டையும் இயற்கை தராது. அகன்ற காட்சியைத் தட்டையான பரப்பில் இறக்கும்போது ஏதாவது ஒன்று கெட்டே தீரும். மெர்கேட்டர் உலகப்படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரிவதும் இதே கதை. ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது.

"முகத்தைச் சுழற்றிக் குழப்பிவிட்டால் யாரும் அடையாளம் காண முடியாது."

இந்த நம்பிக்கையால் ஒரு குற்றவாளி பிடிபட்டான். அந்த அளவில் அதற்கு நன்றி சொல்லலாம். குழந்தைகளைச் சீரழித்துப் படமெடுத்து இணையத்தில் போட்ட ஒருவன், தன் முகத்தை மட்டும் நீர்ச்சுழி போலச் சுழற்றி மறைத்திருந்தான். ஜெர்மனியின் கூட்டாட்சிக் குற்றவியல் காவல் துறை நிபுணர்கள் அதே சுழற்சியை எதிர்த்திசையில் செலுத்தி முகத்தை மீட்டார்கள். 2007 அக்டோபரில் இன்டர்போல் அந்த முகத்தை உலகத்தின் முன் வைத்தது. இரண்டு வாரத்துக்குள் அந்தக் கனடாக்காரன் தாய்லாந்தில் கைதானான்.

சூட்சுமம் எளிது. வார்ப்பிங் புள்ளிகளை இடம் மாற்றுகிறது, அழிப்பதில்லை. எங்கிருந்து எங்கே போயின என்று ஊகிக்க முடிந்தால் திரும்ப அழைத்து வரலாம். முன்பு சொன்ன மழுங்கல் மட்டும் எஞ்சும். முகத்தை அடையாளம் காண அது தடையல்ல. மொசைக் வேறு வகை. அங்கே ஒரு கட்டத்துக்குள் இருந்த பல புள்ளிகளை ஒரே நிறமாகச் சராசரி எடுத்துவிடுகிறார்கள், போனது போனதுதான். சினிமாவில் போலீஸ்காரர் மங்கலான சிசிடிவி படத்தைத் தட்டத் தட்ட முகம் தெளிவதெல்லாம் கதை. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான நிரல் ஒன்றிடம் பராக் ஒபாமாவின் மங்கல் படத்தைக் கொடுத்தபோது, அது கூர்மையான ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தந்தது. நிரல் மீட்கவில்லை, பொருந்தக்கூடிய ஒரு முகத்தைக் கற்பனை செய்தது. அதற்காக மொசைக்கை முழுதாக நம்பவும் கூடாது. வங்கிக் கணக்கு எண் போல, வரக்கூடியவை 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள்தாம் என்றால், ஒவ்வொன்றையும் மொசைக் ஆக்கிப் பார்த்து எது ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வேறுபாடு தெரியாமல் நம் செய்தித் தளங்கள் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தில் அழகுக்கு ஒரு சுழற்சியைப் போட்டு வெளியிட்டால், போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற காரியத்தை அவை செய்துகொண்டிருக்கின்றன. மறைக்க வேண்டுமென்றால் கருப்புக் கட்டம் போட்டுப் படத்தைப் புதிதாகச் சேமிக்க வேண்டும். பார்க்க நன்றாக இராது, மறைக்கும்.

"எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கண்ணில் பட்டுவிடும், கண்ணுக்குத் தப்பினால் இயந்திரம் பிடித்துவிடும்."

2014இல் இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெராரா, ஃபிராங்கோ, மால்டோனி மூவரும் இந்த நம்பிக்கையை உடைத்தார்கள். ஓரளவு சாயல் ஒத்த இருவரின் படங்களை மார்பிங் செய்து, கடவுச்சீட்டுக்குரிய படமாகச் செம்மைப்படுத்தினார்கள். அந்த ஒரே படத்தை முகமறியும் மென்பொருள் இருவருக்கும் உரியது என்று ஏற்றுக்கொண்டது. இதில் மென்பொருளின் பிழை என்று எதுவும் இல்லை. கடவுச்சீட்டு பத்தாண்டு செல்லும். அதற்குள் முகம் தடிக்கும், மெலியும், தாடி வைக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்படி இயந்திரத்துக்கு ஓர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். இருவருக்கும் நடுவில் நிற்கும் முகம் அந்த இடைவெளிக்குள் சுலபமாக நுழைந்துவிடுகிறது. மனிதக் கண்ணுக்கும் இதே கதிதான். நெருங்கியவர் முகத்தை எந்தக் கோலத்திலும் கண்டுகொள்ளும் நாம், அறியாத இருவரை ஒப்பிடுவதில் படுமோசம்.

மோசடி நடக்கும் விதம் இப்படி. வழக்கு எதுவும் இல்லாத ஒருவன் தன் சொந்தப் பெயரில், தன் சொந்த ஆவணங்களோடு விண்ணப்பிக்கிறான். படம் மட்டும் கலந்த படம். எதிரில் நிற்கும் ஆளைப் போலவே இருப்பதால் அலுவலர் ஏற்றுக்கொள்கிறார். காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்து, அலுவலகம் அதை மறுபடி ஸ்கேன் செய்தால், கலந்ததற்கான நுண்ணிய தடயங்களில் மிச்சமிருந்தவையும் மங்கிவிடும். கடவுச்சீட்டு அசல், முத்திரை அசல், பெயர் அசல். அதை வைத்துக்கொண்டு விமானம் ஏறுபவன் மட்டும் வேறு ஆள், தேடப்படுகிறவன். 2018இல் ஜெர்மனியில் ஒரு போராட்டக் கலைக்குழு இதைச் செய்தே காட்டியது. அன்றைய ஐரோப்பிய ஒன்றிய வெளியுறவுத் தலைவர் ஃபெதரிகா மொகெரினியின் முகத்தைத் தங்கள் உறுப்பினர் ஒருவரின் முகத்தோடு கலந்து விண்ணப்பித்து, அசல் ஜெர்மன் கடவுச்சீட்டைக் கையில் வாங்கியது.

சிப் பொருத்திய கடவுச்சீட்டு வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்பார்கள். இந்தியாவும் அவற்றை வழங்கத் தொடங்கிவிட்டது. சிப்பில் இருக்கும் மின்கையொப்பம் ஒன்றை மட்டும் உறுதி செய்கிறது: வழங்கிய பிறகு இந்தப் படத்தை யாரும் மாற்றவில்லை. வழங்கும்போதே படம் கலந்ததாக இருந்தால், அந்தக் கலந்த படத்துக்குத்தான் சிப் பொறுப்பாகக் காவல் நிற்கும்.

கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கத் தரநிர்ணயக் கழகம் அவற்றைத் தொடர்ந்து சோதித்து வருகிறது. தனியாக ஒரு படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது கடினம். எதிரில் நிற்பவரை அங்கேயே படமெடுத்து அதோடு ஒப்பிடும்போது வேலை சற்று எளிதாகிறது. ஆனால் உறுதியான மருந்து மென்பொருளில் இல்லை. படம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஜெர்மனி பட்டுத் தெளிந்து, 2025 மே 1 முதல் அடையாள ஆவணங்களுக்கு விண்ணப்பதாரர் கொண்டுவரும் காகிதப் படங்களை நிறுத்திவிட்டது. படத்தை அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும். இல்லையென்றால் சான்று பெற்ற நிலையத்திலிருந்து பாதுகாப்பான வழியில் நேரே அலுவலகத்துக்குப் போக வேண்டும். நம் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்களில் பெரியவர்களை அங்கேயே கேமரா முன் உட்காரவைத்துத்தான் படமெடுக்கிறார்கள். ஸ்டூடியோவில் நன்றாக எடுத்த படம் கையில் இருக்கிறதே, இதை வாங்கிக்கொண்டால் என்ன என்று அங்கே முணுமுணுக்காதவர்கள் குறைவு.